ராக்கெட்பாலில் பலமாக அடித்தும் ஏன் தோற்கிறோம்?

கல்லூரிக் காலம் முழுக்க பேட்மிண்டன் ஆடியவர் நீங்கள். இப்போது, நான்கு சுவர்களுக்குள் மட்டையால் பந்தை முன்சுவரில் அடித்து ஆடும் ராக்கெட்பாலுக்கு ஒரு கோர்ட் கிடைத்து, இரவல் மட்டையோடு சில வாரங்களாக ஆடுகிறீர்கள். எந்த மட்டை வாங்கலாம், விதிகள் என்னென்ன, ஜெயிக்க என்ன உத்தி என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் கடைசி வரியில் சொன்னதுதான் எனக்கு முதல் கேள்வியாகப் படுகிறது. கூட ஆடுபவருக்கு உங்களைவிட இருபது வயது அதிகம், அதிகம் ஓடவே மாட்டார், நீங்கள் எவ்வளவு பலமாக அடித்தாலும் நிதானமாக ஜெயித்துவிட்டுப் போகிறார், இது எப்படி என்கிறீர்கள். பல வருடங்களாக ஆடுகிறேன், புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். பேட்மிண்டனிலிருந்து வருகிற அநேகமாக எல்லோரும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காரணம் உங்கள் மட்டை இல்லை. உங்கள் பழைய ஆட்டம். ஷட்டில் தரையைத் தொட்டால் பாயின்ட் போச்சு. ஆகவே கைக்கு எட்டும் உச்சத்திலேயே, முடிந்தவரை சீக்கிரம் அடி என்று உடம்பு பழகிவிட்டது. ராக்கெட்பாலில் பந்து தரையில் ஒரு முறை குதிக்கலாம், இரண்டாம் முறை குதிப்பதற்குள் அடித்தால் போதும். தோளுயரத்தில் வருகிற பந்தை நீங்கள் ஓங்கி அடிக்கிறீர்கள். அது முன்சுவரில் நான்கைந்து அடி உயரத்தில் பட்டு, திரும்பி, தரையில் ஒரு முறை குதித்து, பின்சுவரில் மோதி, மறுபடி முன்பக்கமாகச் சாவகாசமாக இறங்குகிறது. அவர் அங்கே நின்று பந்து முழங்காலுக்குக் கீழே வரும்வரை காத்திருந்து, முன்சுவரின் அடியில் தட்டிவிடுகிறார். நீங்கள் செலவழித்த பலம் அத்தனையும் பந்தை அவருக்கு வசதியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. இந்த ஆட்டத்தில் பந்தை எவ்வளவு வேகமாக அடித்தோம் என்பதைவிட, எந்த உயரத்தில் அடித்தோம், அது முன்சுவரில் எந்த உயரத்தில் பட்டது என்பதுதான் பேசும்.

ஏன் இப்படி என்பது கோர்ட்டைப் பார்த்தால் புரியும். நீளம் 40 அடி, அகலம் 20 அடி, உயரம் 20 அடி. பின்சுவர் குறைந்தது 12 அடி. இது ஹேண்ட்பால் கோர்ட்டின் அளவு. கோல் போடும் ஹேண்ட்பால் இல்லை, பந்தைக் கையால் சுவரில் அடித்து ஆடும் ஆட்டம். 1950 வாக்கில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கிரீனிச் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் ஜோ சோபெக் என்பவர் கையால் பந்தடிக்கும் அந்தக் கோர்ட்டுக்குள் கம்பி கட்டிய குட்டை மட்டையைக் கொண்டுவந்தார். ஹேண்ட்பாலில் நான்கு சுவர்களும் சீலிங்கும் ஆட்டத்தில் சேர்த்தி, அதுவே இதற்கும் வந்துவிட்டது. ஸ்குவாஷில் இருப்பதுபோல முன்சுவரின் அடியில் தகரப் பட்டை இல்லை. தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே பட்டாலும் நல்ல ஷாட்தான். பந்தும் நன்றாகத் துள்ளும். 100 அங்குல உயரத்திலிருந்து கையை விட்டால் 68 முதல் 72 அங்குலம் வரை எழும்ப வேண்டும் என்பது விதி. இவ்வளவு துள்ளுகிற பந்து, எல்லாப் பக்கமும் சுவர், கீழே தடையில்லை. மேலே அடித்த பந்து எப்படியும் திரும்பி வரும், கீழே அடித்தது வராது.

விதிகளில் தினமும் தேவைப்படுவது கொஞ்சம்தான். அடித்த பந்து தரையில் படாமல் முன்சுவரைத் தொட வேண்டும். போகிற வழியில் பக்கச் சுவர், பின்சுவர், சீலிங் எதைத் தொட்டாலும் தப்பில்லை. முன்சுவருக்கு முன் தரையில் பட்டால் ராலி, அதாவது மாறிமாறி அடிக்கும் அந்தச் சுற்று, போச்சு, இதை ஸ்கிப் என்பார்கள். சர்வ் போடும் இடம் முன்சுவரிலிருந்து 15 அடியில் உள்ள கோட்டுக்கும் 20 அடியில் உள்ள ஷார்ட் லைனுக்கும் நடுவே இருக்கும் 5 அடிப் பட்டை. அங்கே பந்தை ஒரு முறை தரையில் தட்டி, எழும்பியதும் அடிக்க வேண்டும். முதலில் படுவது முன்சுவராகவே இருக்க வேண்டும். வேறெதில் முதலில் பட்டாலும் இரண்டாவது வாய்ப்பே கிடையாது, சர்வ் கைமாறும். முன்சுவரில் பட்ட பந்து ஷார்ட் லைனைத் தாண்டித் தரையில் விழ வேண்டும். இடையில் ஒரு பக்கச் சுவரைத் தொடலாம். கோட்டுக்கு முன்னால் விழுந்தாலும், தரையில் படாமல் நேராகப் பின்சுவருக்கோ சீலிங்குக்கோ போனாலும், இரண்டு பக்கச் சுவர்களைத் தொட்டாலும் ஃபால்ட். இரண்டு ஃபால்ட் ஆனால் சர்வ் போச்சு. சர்வை வாங்குகிறவர் ஷார்ட் லைனுக்கு 5 அடி பின்னால் இருக்கிற புள்ளிக்கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பந்து தரையில் குதிக்கும்வரை, அல்லது அந்தக் கோட்டைத் தாண்டும்வரை முன்னால் வரக்கூடாது.

ஸ்கோர் கணக்கில் இரண்டு முறைகள் உண்டு, குழம்பிவிடாதீர்கள். பழைய முறையில் சர்வ் போடுகிறவருக்கு மட்டுமே பாயின்ட். 15 வரை இரண்டு கேம், ஆளுக்கொன்று ஜெயித்தால் 11 வரை ஒரு டைபிரேக்கர். சர்வதேசப் போட்டிகளில் அண்மையில் வந்திருக்கும் முறையில் யார் ராலியை ஜெயித்தாலும் பாயின்ட், 11 வரை, ஐந்தில் மூன்று கேம். நண்பர்களுக்குள் ஆடும்போது இன்னமும் பெரும்பாலும் பழைய முறைதான் ஓடுகிறது. ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய முறையில் ஆடினால் சர்வ் உங்கள் கையில் இருக்கும்போது துணிந்து அடிக்கலாம், இல்லாதபோது பொறுமை வேண்டும் என்ற வித்தியாசம் தானாகப் பிடிபடும்.

ஒரு விதியை மட்டும் மற்றவற்றைவிட அழுத்திச் சொல்ல வேண்டும். நடுவில் வலை இல்லை, இருவரும் ஒரே அறைக்குள் மட்டையை வீசுகிறீர்கள். அடித்தால் அவர்மேல் மட்டையோ பந்தோ படும் என்று தோன்றினால் கையை நிறுத்திவிட்டு ‘ஹிண்டர்’ என்று சொல்லுங்கள். நியாயமாக எட்டியிருக்கக்கூடிய பந்தென்றால் ராலி மறுபடி ஆடப்படும். முன்சுவரை நோக்கிப் போகிற பந்து வழியில் அவர்மேல் பட்டாலும் பொதுவாக மறு ஆட்டம்தான். வேண்டுமென்றோ அலட்சியமாகவோ வழியை மறித்து, அதனால் நிச்சயமான ஒரு நல்ல ஷாட் கெட்டால், மறு ஆட்டம் இல்லை, மறித்தவர் ராலியை இழப்பார். கிளப் ஆட்டங்களில் சண்டை வருவது அநேகமாக இந்த இடத்தில்தான். என்னுடைய வழக்கம், சந்தேகம் வந்தால் மறுபடி ஆடுவது. ஒரு பாயின்ட்டுக்காக ஒருவரின் பல்லைப் பெயர்ப்பதில் என்ன இருக்கிறது?

இனி சாமான்கள். முதல் காசு மட்டைக்குப் போகக்கூடாது, கண்ணுக்குப் போக வேண்டும். பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம், உள்ளீடற்ற ரப்பர். மோதும்போது நசுங்கிக் கண்குழிக்குள் நுழையக்கூடியது. தேர்ந்தவர்கள் அடித்தால் மணிக்கு 150 மைல் வேகத்தைத் தாண்டுகிறது. புதியவர் அடித்தால் அவ்வளவு இருக்காது, ஆனால் எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது, அது இன்னும் மோசம். லென்ஸ் இல்லாத வெறும் சட்டம்போன்ற காப்புகள் ஒரு காலத்தில் விற்றன. நசுங்கிய பந்து அந்த இடைவெளி வழியாகவே உள்ளே வரும் என்று தெரிந்த பிறகு அவை ஒதுக்கப்பட்டன. பாலிகார்பனேட் லென்ஸ் உள்ள விளையாட்டுக் கண்ணாடியாக, ஏ.எஸ்.டி.எம். எஃப்803 அல்லது அதற்குப் பின் வந்த எஃப்3164 தரக்குறியீடு பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். பார்வைக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடி பாதுகாப்பு இல்லை, உடைந்தால் அதுவே ஆயுதம். பனிப்படலம் கட்டுகிறது என்று நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களோடு நான் ஆட மாட்டேன்.

மட்டை விஷயத்தில் எது விதி, எது அபிப்ராயம் என்று பிரித்துச் சொல்கிறேன். நீளம் 22 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, கைப்பிடியின் அடியில் இருக்கும் கயிறு மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். இவை விதி. இனி வருவது எல்லாம் ஆளுக்கொரு கட்சி. கம்பி கட்டாமல் 150 கிராமிலிருந்து 190 கிராம் வரை மட்டைகள் வருகின்றன. லேசான மட்டை மணிக்கட்டுச் சுழற்சிக்கு வசதி என்பார்கள், கனமானது தன் எடையாலேயே பந்தைத் தள்ளும் என்பார்கள், இரண்டிலும் உண்மை இருக்கிறது. என்னைக் கேட்டால் தொடங்குகிறவருக்கு 170 முதல் 185 கிராம் வரை உள்ளது நல்லது. மிக லேசான மட்டை தப்பான அடியையும் விறுவிறுப்பாகத் தோன்ற வைக்கும், கை முழுவதும் சுழலாமலே பழகிவிடும். நீங்கள் பேட்மிண்டன்காரர் என்பதால் லேசானதுதான் கைக்குப் பிடிக்கும், அதனாலேயே எச்சரிக்கிறேன். கைப்பிடியின் சுற்றளவு பெரும்பாலும் இரண்டே அளவுகளில் வரும், சிறியதையே எடுங்கள், போதாவிட்டால் மேலே ஒரு சுற்று டேப் சுற்றிக்கொள்ளலாம். கம்பியின் இறுக்கம் பற்றி முதல் வருடம் யோசிக்கவே வேண்டாம். நடுத்தர விலையில், பெயர் தெரிந்த எந்தக் கம்பெனி மட்டையும் போதும். ஒருவர் பழைய மட்டையை நல்ல நிலையில் தந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், சட்டத்தில் கீறல் விட்டிருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கிக் கேட்கும்.

ஷூ, தரையில் கறை பிடிக்காத ரப்பர் அடியோடு, பக்கவாட்டில் பிடிப்புள்ளதாக இருக்கட்டும். உங்கள் பேட்மிண்டன் ஷூவே போதும், ஓடுகிற ஷூ வேண்டாம். கையுறை கட்டாயமில்லை, உள்ளங்கை வியர்க்கிறவர் என்றால் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் நிஜக் கேள்விக்கு வருகிறேன். பிடியிலிருந்து ஆரம்பிக்கலாம். கை குலுக்குவதுபோல மட்டையைப் பிடியுங்கள், ஆள்காட்டி விரல் துப்பாக்கி விசையில் இருப்பதுபோலச் சற்றே மேலேறி நிற்கட்டும். பேக்ஹேண்டுக்கு மட்டையைக் கைக்குள் கொஞ்சம் திருப்ப வேண்டும், அதே பிடியில் அடித்தால் பந்து மேலே பறக்கும். பந்து வருவது தெரிந்ததும் பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்புங்கள், மட்டை காதுவரை பின்னால் போகட்டும், முழங்கால் மடியட்டும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது, பேட்மிண்டன்காரருக்கு மிகவும் கடினமானது, காத்திருப்பது. இடுப்புக்கு மேலே இருக்கும்போது கை துடிக்கும், அடிக்காதீர்கள். முழங்கால் உயரத்துக்கோ அதற்கும் கீழேயோ இறங்கட்டும். முன்காலுக்கு நேராகப் பந்து வந்ததும், மட்டை தரைக்குச் சமமாகச் சுழன்று, கடைசி நொடியில் மணிக்கட்டு சொடுக்க வேண்டும். இந்தச் சொடுக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. டென்னிஸிலிருந்து வருகிறவர்கள் இதற்காக மாதக்கணக்கில் திணறுவார்கள்.

காத்திருக்க முடியாத பந்து வரும், மார்பளவில், கோர்ட்டின் பின்கோடியில். அதைத்தான் நீங்கள் ஓங்கி அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சீலிங் பால். தலைக்கு மேலே, ஷட்டிலை உயரமாக அனுப்புகிற அதே வீச்சில், சீலிங்கை நோக்கி அடியுங்கள். முன்சுவருக்கு இரண்டு மூன்று அடி முன்னால் சீலிங்கில் படட்டும். அங்கிருந்து முன்சுவரில் தட்டி, செங்குத்தாகத் தரைக்கு வந்து, பெரிய வளைவாக எழும்பி, கோர்ட் முழுவதையும் கடந்து, பின்சுவரின் ஓரத்தில் தளர்ந்து விழும். நன்றாக விழுந்தால் பின்சுவரிலிருந்து மீண்டு வராது, அவர் அதைத் தலைக்கு மேலேதான் அடிக்க முடியும். தலைக்கு மேலே அடிக்கிறவரால் முன்சுவரின் அடியில் சுலபமாகக் கொல்ல முடியாது, அநேகமாக அவரும் சீலிங் பால்தான் போடுவார். இப்படி ஐந்தாறு முறை மாறிமாறிப் போகும். பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். யாராவது ஒருவருடைய பந்து கொஞ்சம் குட்டையாக விழும்போது, அல்லது பின்சுவரில் பட்டு மீளும்போது, மற்றவருக்கு முழங்கால் உயரத்தில் ஒரு பந்து கிடைக்கும். அந்தப் பெரியவர் இவ்வளவு நாளாகக் காத்துக்கொண்டிருப்பது இதற்குத்தான். நீங்களும் காத்திருக்கத் தெரிந்துகொண்டால் ஆட்டம் சமமாகும். அவருடைய பலவீனமான பக்கத்துக்கு, அதாவது பெரும்பாலும் பேக்ஹேண்ட் மூலைக்கு, பக்கச் சுவரை ஒட்டிப் போடப் பழகுங்கள்.

தாழ்வாக ஒரு பந்து கிடைத்தால் என்ன அடிப்பது? அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு முன்னால் நின்றால் அவரைத் தாண்டி அனுப்புங்கள், பக்கச் சுவரை ஒட்டி நேராகவோ, குறுக்காகவோ. பின்சுவரை எட்டும் முன் இரண்டாவது தடவை குதிக்கிற அளவுக்குத் தாழ்வாக இருந்தால் போதும். உங்களுக்குப் பின்னால் நின்றால் பிஞ்ச், அதாவது முன்மூலைக்குப் பக்கத்தில் பக்கச் சுவரில் முதலில் பட்டு, பிறகு முன்சுவரில் பட்டு, முன்பக்கத்திலேயே செத்துப்போகும் ஷாட். முன்சுவரின் அடியில் நேராக உருட்டுகிற கில் ஷாட் பார்க்க அழகு, கைதட்டும் கிடைக்கும். ஆனால் ஆரம்பத்தில் நான்கு அடித்தால் மூன்று தரையில் படும். முதல் சில மாதங்களுக்கு, அவரைத் தாண்டி அனுப்புகிற பாஸ் ஷாட்டை நம்புங்கள்.

அவர் ஓடுவதில்லை என்றீர்களே. ஓட வேண்டியதில்லாத இடத்தில் அவர் நிற்கிறார். புள்ளிக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கச் சுவர்களுக்கும் நடுவில். முன்சுவரில் பட்டுத் திரும்புகிற பந்துகளில் பெரும்பாலானவை அந்த வட்டாரத்தைக் கடந்துதான் போகும். நீங்கள் அடித்துவிட்டு, அடித்த இடத்திலேயே நின்று ஷாட்டை ரசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன், எல்லோரும் அப்படித்தான். அடித்ததும் நடுவுக்கு வாருங்கள். அவர் பின்னால் அடிக்கும்போது முன்சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி அவர் மட்டையைப் பாருங்கள், எங்கே வரப்போகிறது என்று அரை நொடி முன்னதாகத் தெரியும். கண்ணாடி போட்டிருந்தால் மட்டும்.

சர்வுக்கு இரண்டு வகை போதும். ஒன்று டிரைவ், தாழ்வாக வேகமாக, பந்து ஷார்ட் லைனைக் கொஞ்சம் தாண்டி விழுந்து, பின்மூலையில் பின்சுவரை எட்டும் முன் இரண்டாவது முறை குதிக்கிற மாதிரி. இன்னொன்று லாப், முன்சுவரின் மேற்பகுதியில் மெதுவாகத் தொட்டு, புள்ளிக்கோட்டருகே குதித்து, உயரமாகப் பேக்ஹேண்ட் மூலைக்குப் போய் இறங்குவது. முதல் சர்வ் டிரைவ், அது ஃபால்ட் ஆனால் லாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபை ஏளனமாக நினைக்காதீர்கள். அவரைத் தோளுயரத்தில் அடிக்க வைக்கிறது, இதுவரை அவர் உங்களுக்குச் செய்துகொண்டிருந்தது அதுதானே.

தனியாகக் கோர்ட் கிடைக்கும் நாளில் ஒரு பயிற்சி. பின்சுவரருகே நின்று, பந்தைக் கையால் பின்சுவரில் வீசுங்கள். அது மீண்டு தரையில் ஒரு முறை குதித்து முன்னால் போகும். அதோடு பக்கவாட்டில் நகர்ந்து, முழங்காலுக்குக் கீழே இறங்கிய பிறகு அடியுங்கள். ஆரம்பத்தில் எல்லாம் சீக்கிரமாகவே அடிப்பீர்கள். பந்தை அடிக்காமல் இரண்டாவது முறை குதிக்கவிட்டு, அதுவரை எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வெறுமனே பார்ப்பதும் பயிற்சிதான். நினைத்ததைவிட அதிக நேரம் இருக்கும்.

கணுக்காலில் பழைய சுளுக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திடீரென்று நின்று திரும்புவது இந்த ஆட்டத்தில் ஓயாமல் நடக்கிறது, பார்க்காமல் உங்கள் கணுக்கால் தாங்கும் தாங்காது என்று நான் சொல்வது சரியில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிவிட்டு ஆடுங்கள். பட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று கோர்ட்டில் சொல்லப்படுவதை மருத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீடியோ பார்த்துக் கற்க விரும்பினால் கனடாவின் கேன் வாசலென்சக், மெக்சிகோவின் பாவோலா லோங்கோரியா இருவரின் ஆட்டங்களையும் தேடுங்கள். பந்தை விட்டுவிட்டு அவர்களின் கால்களையும், அடிக்கும் கணத்தில் பந்து எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பிரிட்டனில் ஸ்குவாஷ் கோர்ட்டில் ஆடப்படும், கிட்டத்தட்ட இதே பெயரில் இருந்து 2016-இல் ‘ஸ்குவாஷ் 57’ ஆன ஆட்டத்தின் வீடியோக்களும் தேடலில் கலந்து வரும். அதில் சீலிங் ஆட்டத்தில் இல்லை, முன்சுவரில் தகரப் பட்டை உண்டு. அந்தப் பட்டை தெரிந்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள்.